ஒற்றை ரூபாய் அதிகம் கொடுத்த திருடன்

2025ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்கள் பத்தாம் நாள், புதன்கிழமை. அன்று நண்பகலில் காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு பொருள் காணாமற்போயிற்று. அதன் விலை முழுமையாக வந்து சேர்ந்தது. விலை வந்து சேர்ந்த காரணத்தாலேயே கடைக்காரர் குற்றவாளி ஆக்கப்பட்டார். அவருடைய மனக்குறை இதுதான். பொருளைப் பறிகொடுத்தவரே களவுக்கு விடை சொல்ல வேண்டும் என்று எந்த நீதிநூலும் கூறவில்லை. ஆயினும் ஒரு வங்கியின் புகார்ப் பிரிவும் ஒரு காவல் ஆய்வாளரும் சிறிதும் தயங்காமல் அவ்வாறே முடிவு செய்தனர்.

மறுநாள் காலை அந்தக் கடைக்காரர் ஹனிபா, செக்காலைச் சாலையில் ஒரு வளையல் கடையின் மாடியில் இயங்கும் தஸ்லிமா துப்பறியும் நிலையத்தின் படிகளில் ஏறி வந்தார். அறுபது வயது. வெள்ளைச் சட்டையின் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. இரவு முழுவதும் உறங்காத மனிதர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நிலையத்தின் தலைவி தஸ்லிமா, சென்னையில் ஒரு வங்கியின் கடன் அட்டைப் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். பொய் சொல்பவர் எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவார் என்பதை அங்கே கற்றார். சம்பளத்தைத் தவிர அந்தப் பணி அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். உதவியாளர் குழந்தைவேலுவோ முன்னாள் ஆட்டோ ஓட்டுநர். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். வாடகையைக் குறைத்துப் பேசிய பயணிகளிடம் வாயாடி வாயாடியே நாவன்மை பெற்றவர்.

"உக்காருங்க மாமா. மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் தஸ்லிமா.

"நேத்து மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேம்மா. வழக்கம்போல வாசல்ல நாக்காலியக் குறுக்க போட்டுட்டுத்தான் போனேன். தொழுதுட்டு, அப்படியே வீட்ல ஒரு வாய் சாப்பிட்டு வந்து பாக்குறேன், கண்ணாடி அலமாரியில இருந்த மங்குத் தூக்கக் காணோம்."

மங்கு என்பது இரும்பின்மேல் பீங்கான்போல மெருகேற்றிய பழைய பாத்திரவகை. காணாமற்போனது நான்கு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. பச்சை நிறம், வெள்ளைப் பூ. கடல் கடந்து வந்த சரக்கு.

"கடையப் பூட்டலையா பாய்?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"இருவத்தேழு வருசமா அந்த நாக்காலிதான் பூட்டு."

"நல்ல பூட்டு. சாவி தொலையாது."

ஹனிபா சிரிக்கவில்லை. "போன எடுத்துப் பாத்தா காசு வந்திருக்கு. சுவத்துல ஒட்டியிருக்கிற க்யூஆர் அட்டைய யாரோ ஸ்கேன் பண்ணிக் காச அனுப்பிட்டுப் பொருளத் தூக்கிட்டுப் போயிருக்காக. யாரோ அவசரக்காரவுகன்னு நெனச்சேன். சாயங்காலம் ஸ்டேசன்லேந்து ஆளு வந்துட்டாரு."

எஞ்சிய செய்தி சுருக்கமானது. அந்தப் பணம் மீனாட்சிசுந்தரம் என்பவருடைய கடன் அட்டையிலிருந்து, அவருடைய கைப்பேசிச் செயலியின் வழியாக வந்திருந்தது. அவரோ, தாம் எந்தக் கடைக்கும் பணம் செலுத்தவில்லை என்று வங்கியிலும் காவல் நிலையத்திலும் புகார் செய்துவிட்டார். வங்கி, ஹனிபாவின் கணக்கை முடக்கியது. ஆய்வாளர் ஒரு கொள்கையை வகுத்தார்: ஹனிபா ஏதோ ஒரு தந்திரத்தால் பிறருடைய அட்டையிலிருந்து தம் கடைக்கே பணத்தை இழுத்துக்கொண்டார், தூக்கு காணாமற்போனது என்பது அதற்காகக் கட்டிய கதை. விலை கொடுத்துவிட்டுத் திருடுபவன் உலகத்தில் உண்டா என்று அவர் கேட்டாராம். கேள்வி நியாயமானது. விடை தேடும் வேலையைத் தமக்குரியதாக அவர் கருதாததுதான் அநியாயம்.

"நாளைக்குக் காலையில வாங்குன ஆளக் காட்டணுமாம். இல்லைன்னா கேசு. கேசு போட்டாப் போட்டுட்டுப் போறாக" என்று ஹனிபா தம் கைகளைப் பார்த்தார். "ஆனா அந்த நாக்காலிய நான் இனிமே எந்த முகத்தோடம்மா வாசல்ல போடுவேன்? என்னய நம்பாத தெருவ நான் எப்படி நம்புறது?"

தஸ்லிமா கேட்டார்: "திரும்பி வந்தப்ப நாக்காலி எப்படிக் கெடந்துச்சு?"

"போட்டது போட்டபடி. குறுக்கதான்."

"அதாவது, திருடன் நாக்காலிய நகத்தி, உள்ள போய், பொருள எடுத்து, காசு குடுத்து, வெளிய வந்து, நாக்காலியத் திருப்பிக் குறுக்க போட்டிருக்கான்" என்றார் குழந்தைவேலு. "இப்படி ஒரு திருடன் கெடைச்சா என் வீட்டுக்கும் அனுப்பி வைங்க. எங்க வீட்ல யாரும் எதையும் எடுத்த எடத்துல வைக்கிறதில்ல."

"தூக்குக்கு என்ன விலை மாமா?"

"பதினெட்டாயிரத்து ஐநூறுன்னு சீட்டு ஒட்டியிருந்தேன்."

"வந்த காசு?"

"பதினெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு."

தஸ்லிமாவின் பேனா நின்றது. "ஒரு ரூபா கூடவா?"

"கை தவறி அழுத்தியிருப்பாகன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

"கை தவறுனா ஒரு சைபர் கூடும், கொறையும். கடைசி சைபர் ஒண்ணா மாறுறதுக்குக் கை தவறாது மாமா, கை நெனைக்கணும்." தஸ்லிமா எழுந்தார். "அண்ணே, வண்டிய எடுங்க. இந்த ஒரு ரூபாயப் பிடிச்சுக்கிட்டே போவோம். போற எடத்துல ஆளு இருக்கும்."

வண்டியில் போகும்போதே அவர் தம் இரண்டாம் ஐயத்தை எடுத்துரைத்தார். இத்தகைய செயலியில் வழக்கமாக இரண்டு வழிகள் இருக்கும்: ஒன்று வங்கிக் கணக்கு, மற்றொன்று கடன் அட்டை. வங்கிக் கணக்கிலிருந்து எந்த மனிதருக்கும் பணம் அனுப்பலாம். கடன் அட்டையிலிருந்து கடைகளுக்கு மட்டுமே செலுத்தலாம். தனி மனிதருக்கு அனுப்ப அது இணங்காது.

"நீங்க திருடனா இருந்தா எதத் தொடுவீக?"

"வங்கிக் கணக்கத்தான். நேரா மச்சானுக்கு அனுப்பிட்டு, மச்சான் தரலைன்னா அவனோட சண்டை போட்டுக்கிட்டு இருப்பேன்."

"இந்த ஆளு அதத் தொடக்கூட இல்ல. வேணும்னே அட்டையத் தேடி எடுத்து அழுத்தியிருக்கு. திருடனுக்குக் காசு மேல ஆசை. இந்த ஆளுக்கு அந்த அட்டை மேல ஏதோ கோவம்."

"அட்டை மேல கோவப்படுறதுக்குத் திருடனா இருக்கணும்னு அவசியமில்ல தங்கச்சி. மாசக் கடைசியில பில்லு வந்தாப் போதும்."

தஸ்லிமா திரும்பி அவரைப் பார்த்தார். குழந்தைவேலு வேடிக்கையாகச் சொல்பவை அவ்வப்போது உண்மையாகிவிடும். அதை அவரிடம் சொன்னால் சம்பள உயர்வு கேட்பார் என்பதால் தஸ்லிமா சொல்வதில்லை.

ஹனிபாவின் கடைக்கு எதிரே சின்னத்தாயி என்பவர் கொய்யாப்பழம் விற்றார். நேற்று நண்பகலில் அங்கே அவரைத் தவிர வேறு கண்கள் இல்லை.

"யாரையாச்சும் பாத்தீகளாக்கா?" என்று தொடங்கினார் குழந்தைவேலு.

"ஆளப் பாக்கல. ஒரு கொடையப் பாத்தேன்."

"கொடையா?"

"கறுப்புக் கொடை. முன்னாடி ஒரு வேன் நின்னுச்சு. வேனுக்கு மேல கொடை மட்டும் தெரிஞ்சுச்சு. பாய் தொழுகைக்குப் போனதும் வந்துச்சு. அப்படியே நின்னுச்சு. நின்னுச்சு, நின்னுச்சு, அரை மணிநேரம் நின்னுச்சு. அப்பறம் பாய் கடைக்குள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல வெளிய வந்து அங்குட்டுப் போயிருச்சு."

"கொடைக்குக் கீழ ஆம்பளையா, பொம்பளையா?"

"கொய்யா வாங்க வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

குழந்தைவேலு அரைக் கிலோ வாங்கினார். அதன் பிறகும் சின்னத்தாயிக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. "நீங்களும் வாங்குவீகன்னு நெனச்சுத்தான் இவ்வளவு சொன்னேன்" என்று மட்டும் தஸ்லிமாவிடம் தெரிவித்தார்.

தஸ்லிமா தெருவின் நடுவே நின்றார். "கடை காலி. தெரு காலி. குறுக்க ஒரு நாக்காலி. உள்ள போறதுக்கு இதவிட நல்ல நேரம் எது? ஆனா அரை மணிநேரம் வெயில்ல நின்னிருக்கு. எதுக்கு?"

"பயமா இருக்கும்."

"பயந்தவன் நிக்க மாட்டான், போயிருவான். பணம் எப்ப வந்துச்சு?"

"ஒண்ணரை தாண்டி ரெண்டு நிமிசத்துலன்னு பாய் சொன்னாரு."

"நேத்து என்ன கிழமை?"

"புதன்." குழந்தைவேலு கொய்யாவைக் கடித்தவர், மெல்லுவதை நிறுத்தினார். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அந்த ஊரில் அதனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் எவருமிலர். "தங்கச்சி, நான் எத்தனையோ திருடனப் பாத்திருக்கேன். ராகு காலம் முடியட்டும்னு நிக்கிற திருடன இப்பத்தான் பாக்குறேன்."

"நல்ல நேரம் பாத்து, ஒத்தப்படையா ஒரு ரூபா கூட வச்சு எடுத்துட்டுப் போயிருக்காக. கல்யாணத்துக்குச் சீர் எடுக்கிறவுக செய்யிற காரியம் இது. களவாங்குற பொருளுக்கு யாரும் மங்கலம் பாக்க மாட்டாக, அண்ணே. வீட்டுக்கு வர்ற பொருளுக்குத்தான் பாப்பாக."

"அப்ப ஊருல கல்யாணம் வச்சிருக்கிற வீடெல்லாம் சந்தேகத்துல வருமே."

"எல்லா வீடும் வராது. மீனாட்சிசுந்தரத்தோட போன் எட்டுற தூரத்துல இருக்கிற வீடு மட்டுந்தான் வரும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. காணாமப் போனது என்ன பொருள்னு பாய் போலீஸ்ல மட்டுந்தான் சொல்லியிருக்காரு; போலீஸ் அதக் கதைன்னு நெனைக்குது. அந்த வீட்ல நீங்க தூக்குன்னு வாயத் தொறக்கக் கூடாது."

"நான் பொதுவா வாயத் தொறந்தா மூட மாட்டேன். தூக்கு மட்டும் வராமப் பாத்துக்கிறேன்."

மீனாட்சிசுந்தரத்தின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேச வந்திருப்பதாகத் தஸ்லிமா சொன்ன உடனே கதவு முழுவதும் திறந்தது.

மீனாட்சிசுந்தரம், கடன் அட்டையைக் கைப்பேசியில் இணைத்த நாள்முதல் கையால் காசு தொடுவதை இழிவாகக் கருதுபவர். ஒரு வடை வாங்கினாலும் அட்டையில்தான் வாங்குவார். வாங்கிய பின்னர்க் கடையிலிருக்கும் பேசும் பெட்டி "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவிக்கும்வரை அசைய மாட்டார். பண்டைக்காலத்தில் அரசர் வரும்போது கட்டியங்காரன் பட்டங்களைக் கூவுவான். இந்நாளில் ஒரு வடைக்கே அந்தச் சிறப்புக் கிடைக்கிறது. பத்து ரூபாய்க்குக் கடன்பட்டதைத் தெருவெல்லாம் கேட்க ஒரு கருவி முழங்குகிறது; கடன்பட்டவர் நாணுவதற்கு மாறாக நிமிர்ந்து நிற்கிறார்.

"உலகத் தரமான பாதுகாப்பும்மா இது" என்று அவர் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். "அந்தப் பாய் எப்படி உள்ள நொழைஞ்சாருன்னுதான் தெரியல. நேத்து மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். போன் தலைமாட்டுலதான் இருந்துச்சு. எந்திரிச்சுப் பாக்குறேன், பதினெட்டாயிரம் போயிருச்சு. உடனே புகார்ப் பொத்தான அழுத்திட்டேன்."

"ரகசிய எண் வேற யாருக்காச்சும் தெரியுமாண்ணே?" என்றார் தஸ்லிமா.

"எப்படித் தெரியும்? இந்தா பாருங்க, எப்படிப் போடுறதுன்னு காட்டுறேன். ஏழு, மூணு, ஒண்ணு, எட்டு…" அவர் ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொல்லியே அழுத்தினார். வாய்ப்பாடு ஒப்பிக்கும் தெளிவு அதில் இருந்தது.

"போதும்ணே, மிச்ச ரெண்டையும் நாளைக்கு டீக்கடையில கேட்டுக்கிறேன்" என்றார் குழந்தைவேலு.

"சேச்சே, டீக்கடையில நான் மெதுவாத்தான் சொல்வேன்."

"அட்டையில வாங்குறதால என்னண்ணே லாபம்?"

"பாயிண்ட்டு. வடைக்கும் பாயிண்ட்டு, வெத்தலைக்கும் பாயிண்ட்டு. அஞ்சாயிரம் சேந்தா எவர்சில்வர் தண்ணி பாட்டில் ஒண்ணு ஓசியில வரும்."

"இப்ப எவ்வளவு சேந்திருக்கு?"

"ஆயிரத்து நானூறு."

"அப்ப மூடிய மட்டும் வாங்கலாம்."

உள்ளிருந்து காப்பித் தட்டுடன் வந்த பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் மீனாட்சிசுந்தரத்தின் மனைவி, சிகப்பி ஆச்சி. ஐம்பது வயதை எட்டாதவர். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. சுவர் ஓரத்தில் பித்தளை அண்டாக்களும் வெள்ளித் தட்டுகளும் துணிவிரிப்பின்மேல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"வீட்ல விசேசமா ஆச்சி?" என்று தஸ்லிமா கேட்டார்.

"தையில மகளுக்குக் கல்யாணம். எங்க ஆத்தா வீட்ல குடுத்த சாமானையெல்லாம் எடுத்துத் தொடைக்கிறேன். கல்யாணத்துல மகளுக்குப் பரப்பி வைக்கணும்ல. எங்க ஆத்தா வீட்டு ஆளுக ஒண்ணொண்ணா எண்ணிப் பாப்பாக."

கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. குழந்தைவேலு அதைப் பார்த்தார்; தஸ்லிமாவைப் பார்த்தார்; பிறகு மிகுந்த முயற்சியுடன் காப்பியைப் பார்த்தார். கறுப்புக் குடை இல்லாத வீடு அந்தத் தெருவில் ஒன்றும் இராது. அது சான்று ஆகாது.

தஸ்லிமா தம் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, ஹனிபா பாய் இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. அவரு போட்ட விலை பதினெட்டாயிரத்து ஐநூறு. ஒரு ரூபா கூட வந்துருச்சாம். அடுத்தவுக காசு தனக்கு வேணாம், மத்தது கேசுல முடியட்டும், இந்த ஒரு ரூபாய மொதல்ல திருப்பிக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டாரு."

மீனாட்சிசுந்தரம் கையை நீட்டினார்.

"அதத் தொடாதீக" என்றார் ஆச்சி.

"ஏன், நம்ம காசுதான?"

"தூக்குக்கு வச்ச ரூபா அது. வச்சதத் திருப்பி வாங்குனா வந்த சாமானும் திரும்பிப் போயிரும்."

குழந்தைவேலு காப்பித் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"நான் தூக்குன்னு சொல்லவே இல்லையே ஆச்சி" என்றார் தஸ்லிமா, மென்மையாக.

மீனாட்சிசுந்தரத்தின் முகம் முதலில் குழம்பியது, அடுத்து வெளுத்தது, அதன் பிறகே சிவந்தது. இந்த வரிசை தஸ்லிமாவுக்குப் பழக்கமானது. குற்றமற்றவர் குழம்பிய உடனே சிவப்பார், இடையில் வெளுப்பதில்லை.

"நீயா?" என்றார் அவர். "என் போன எடுத்து, என் கார்டுல, திருட்டுத்தனமா…"

"தூங்குறவுக கட்டைவெரலத் தூக்கிப் போன் மேல வச்சேன், தொறந்துச்சு. திரும்பப் பூட்டிக்காம இருக்க, கடைக்குள்ள போற வரைக்கும் தொட்டுக்கிட்டே இருந்தேன். நம்பர நீங்கதான் தெனம் வாய் விட்டுச் சொல்றீகளே, தெருநாய்க்கே மனப்பாடம்." ஆச்சி உள்ளே சென்று, பச்சைத் தூக்கைக் கொண்டுவந்து கணவருடைய மடிமேலேயே வைத்தார். "கைப்பிடியில வெட்டியிருக்கிற பேரப் படிங்க. சிகப்பின்னு இருக்கு. என்னப் பெத்த அப்பச்சி பினாங்குலேந்து கொண்டாந்து குடுத்தது. இப்பச் சொல்லுங்க, இங்க யாரு திருடுனது?"

வழக்கு இங்கே தலைகீழாகப் புரண்டது. சாமான் அறைச் சாவி ஆச்சியின் இடுப்பைவிட்டு இறங்குவது அவர் குளிக்கும் நேரத்தில் மட்டுமே. சென்ற மாதம் அட்டையின் கட்டணநாள் வந்தபோது, வடைகளும் வெற்றிலைகளும் பிறவும் ஒன்றுசேர்ந்து ஒரு பெருந்தொகையாய்க் கணவரின்முன் நின்றன. அவர் அந்தக் குளியல்நேரத்தைப் பயன்படுத்தித் தூக்கை எடுத்து, இராமு என்னும் தரகரிடம் ஆறாயிரத்துக்கு விற்றார். தரகர் அதை யாரிடம் கொடுத்தார் என்று அவர் கேட்கவில்லை. ஆதலால், தம் அட்டையிலிருந்து பணம் போன கடையில்தான் அந்தத் தூக்கு இருந்தது என்பதை அறியாமலேயே புகார் செய்தார். அறிந்திருந்தால், அந்தப் பொத்தானின் பக்கமே விரல் போயிராது.

"சாமான எண்ணயில ஒண்ணு கொறைஞ்சுச்சு" என்றார் ஆச்சி. "மூணு நாளாத் தேடுனேன். கோயிலுக்குப் போகயில பாக்குறேன், பாய் கடைக் கண்ணாடிக்குள்ள, வெலைச்சீட்டோட உக்காந்திருக்கு. கார்டு பில்லு கட்ட இவுகதான் எடுத்து வித்திருக்காகன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"பாய் இருக்கும்போதே போய் வாங்கியிருக்கலாமே ஆச்சி" என்றார் குழந்தைவேலு.

"பாய் இருந்தா வெலை பேசணும். எங்க அப்பச்சி குடுத்த சாமானுக்கு நான் பேரம் பேசவா? அதுவும் போக, ஆச்சி தன் சாமானத் தானே வெலைக்கு வாங்குறாகன்னு ஊரு சிரிக்கும். யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் அந்த நேரம் போனேன்."

"கார்டு எதுக்கு? வங்கிக் கணக்குலேந்து குடுத்திருக்கலாமே" என்று கேட்டார் தஸ்லிமா.

"எந்த அட்டை என் தூக்க முழுங்குச்சோ, அந்த அட்டையே கக்கட்டும்னுதான்."

குழந்தைவேலு மீனாட்சிசுந்தரத்தின் பக்கம் குனிந்தார். "ஆறாயிரத்துக்கு வித்துப் பதினெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணுக்கு வாங்கியிருக்கீக. இந்த யாவாரத்துக்கு எத்தனை பாயிண்ட்ணே வரும்?"

மீனாட்சிசுந்தரத்தின் உதடுகள் கணக்குப் போட்டன. அதை மூவரும் கண்டனர்.

"ஆச்சி, ஒண்ணு உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன்" என்றார் தஸ்லிமா. "ஹனிபா பாய் கணக்க முடக்கிட்டாக. வாங்குன ஆள நாளைக்குக் காலையில காட்டலைன்னா, கார்டுலேந்து காசத் திருடுனதா அவரு மேல கேசு."

ஆச்சி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர் கள்ளன் மேல புகாருன்னு சொன்னீக."

"பேங்க்காரன் கடைக்காரரத்தான…"

"நம்ம வீட்டு வழக்குக்குப் பாய் எதுக்குங்க போலீஸ்ல போய் நிக்கணும்? புகார எடுங்க."

மீனாட்சிசுந்தரம் செயலியைத் திறந்தார். புகாரைத் திரும்பப் பெறுவதற்கு அது காரணம் கேட்டது. மூன்று காரணங்களை அதுவே எழுதி வைத்திருந்தது: தொகை திரும்பக் கிடைத்துவிட்டது, கடைக்காரருடன் உடன்பாடு ஏற்பட்டது, புகார் தவறுதலாக அழுத்தப்பட்டது. மனைவியின் பொருளை நான் திருடி விற்றேன், அவர் என் அட்டையாலேயே மீட்டார் என்னும் காரணம் அந்த வரிசையில் இல்லை. இத்தனை கோடிப் பேர் பயன்படுத்தும் ஒரு செயலி, அவர்களுடைய வாழ்வில் மிகுதியாக நடப்பதை மட்டும் மறந்துவிட்டது.

"மூணாவத அழுத்திருவோமா?" என்றார் அவர், நம்பிக்கையுடன். "தவறுதலா அழுத்திட்டேன்னு."

"அழுத்துங்கண்ணே" என்றார் தஸ்லிமா. "ஆனா போலீஸ்ல குடுத்த புகாருக்குப் பொத்தான் கெடையாது. அங்க வாயாலதான் சொல்லணும். பாய் பக்கத்துல நிக்கணும், அவரு காதுபடச் சொல்லணும்."

"ஊரு முழுக்கத் தெரிஞ்சிருமே."

"தெரியாமப் போச்சுன்னா," என்றார் ஆச்சி, தூக்கின் கைப்பிடியைத் தம் முந்தானையால் துடைத்தவாறே, "கல்யாணத்துல சாமான் பரப்பயில, இந்தத் தூக்குக்குப் பக்கத்துல பாய் ஒட்டுன வெலைச்சீட்டையும் சேத்து வைப்பேன். எங்க ஆத்தா வீட்டு ஆளுக எல்லாரும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிப்பாக."

மறுநாட்காலை காவல் நிலையத்தில் மீனாட்சிசுந்தரம் பேசினார். முதலில் முணுமுணுத்தார், காது கேட்கவில்லை என்று ஆய்வாளர் கூறியதால் மீண்டும் உரக்கச் சொல்ல நேர்ந்தது. எண்களை உரக்கச் சொல்லிப் பழகிய நாவுக்கு உண்மை மட்டும் ஏன் அத்துணை கடினமாயிற்று என்பதை ஆராய்வது துப்பறிவாளரின் வேலையன்று. ஆய்வாளர் தம் கொள்கை பொய்த்ததற்காக எவரிடமும் வருந்தவில்லை. "சரி, போங்க" என்றார். ஹனிபாவின் கணக்கை முடக்க வங்கிக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. விடுவிக்கவோ, ஏழு பணிநாள்கள் வேண்டும் என்று செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியின் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் அளிப்பீர்கள் என்னும் வினாவும் இருந்தது.

வெளியே ஆச்சி காத்திருந்தார். ஹனிபாவைக் கண்டதும் இரண்டடி முன்னே வந்தார்.

"பாய், ஒங்களுக்கு வந்த சங்கடத்துக்கு நான்தான் காரணம். மனசுல வச்சுக்காதீக."

"காசு குடுத்துத்தான வாங்குனீக ஆச்சி" என்றார் ஹனிபா. "நாக்காலியத் திருப்பிப் போட்டுட்டுப் போனீக பாருங்க, அதுலயே எனக்குப் பாதி மனசு ஆறிருச்சு."

தஸ்லிமா, முந்தின நாள் மேசைமேல் வைத்துத் திரும்ப எடுத்துவந்த அந்த ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டினார். "மாமா, இது நான் உங்க பேரச் சொல்லி வச்ச காசு. பொய்க்கு வச்சது. என்ன செய்ய?"

"எங்கிட்டக் குடும்மா. கல்லாவுல கெடக்கட்டும்."

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாயிற்று. ஹனிபா கடைக்குச் சென்று, நாற்காலியைக் கையில் எடுத்து, வாசலில் சிறிது நேரம் நின்றார். எதிரே சின்னத்தாயி கொய்யாக்களை அடுக்கியவாறு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியைக் குறுக்கே போட்டார், பூட்டை எடுக்கவில்லை. பள்ளிவாசலை நோக்கி நடந்தார்.

"கேசு முடிஞ்சுச்சு" என்றார் குழந்தைவேலு வண்டியைக் கிளப்பியவாறே. "நம்ம கூலிய யாரு தங்கச்சி குடுப்பாக?"

"பாய் கணக்குத் தொறந்ததும் தருவாரு."

"ஏழு பணிநாளா? அதுவரைக்கும் அரைக் கிலோ கொய்யா இருக்கு."

இதைப் படித்து முடித்த வாசகரே, உம்மிடம் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. கேட்பதன்று, கட்டளையாகவே கொள்க. உம் கைப்பேசியில் ஓர் அட்டை இருக்கிறது. அதற்கு ஒரு கட்டணநாள் உண்டு. அந்த நாளைக் கடக்க உம் வீட்டிலிருந்து நீர் ஓசையின்றி வெளியேற்றிய பொருள் எதுவோ, அதனை நீரே அறிவீர். அடுத்த முறை ஒரு கடைக்காரரின் பெயர்மேல் விரலை வைத்துப் புகார்ப் பொத்தானை அழுத்துமுன், எழுந்து உள்ளே செல்க. அந்தப் பொருளுக்கு உரியவரின் முன்னால் நின்று, அதை எங்கே விற்றீர் என்று உரக்கச் சொல்க. இன்றே சொல்க. இதற்கு ராகு காலம் பார்க்க வேண்டா.